வட கரோலினாவில் கிராமப்புறக் கவுன்ட்டிக்குக் குடிபோகிறீர்களா? எலிமென்டரி பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வழி

ராலே நகரத்தை ஒட்டிய கேரி, மாரிஸ்வில் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் பள்ளியைப் பற்றிக் கேட்டால் முதலில் ஒரு எண்தான் வரும். "அது ஒன்பது, இது பத்து." வீடு தேடும் தளங்களில் ஒவ்வொரு வீட்டுக்குக் கீழும் அந்தப் பகுதிப் பள்ளியின் பெயரும் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வீடே வாங்குகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

என் மனைவி டாக்டர். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்தவர்கள் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தொடர வேண்டுமானால், மருத்துவர் தட்டுப்பாடு உள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை பார்ப்பது ஒரு வழி. ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 பேர் என்று கணக்கு. அவளுக்குக் கிடைத்தது கேரியிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சுற்றிலும் சர்க்கரைவள்ளித் தோட்டம், புகையிலை, நிலக்கடலை, காற்றடித்தால் பன்றிப் பண்ணை வாசம். தளத்தைத் திறந்து பார்த்தேன். அந்தக் கவுன்ட்டிப் (மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி) பள்ளிகளுக்கு மூன்று, நான்கு, இரண்டு, மறுபடியும் மூன்று. "பிள்ளைகளைக் கேரியிலேயே விட்டுவிட்டு வாரக் கடைசியில் வந்து போகலாமா" என்றுகூடப் பேசினோம்.

விடவில்லை, கூட்டிக்கொண்டுதான் போனோம். ஐந்து வருடம் ஆகிறது. அந்த எண்கள் முழுப் பொய் இல்லை. ஆனால் ஒரு வகுப்புக்கு எல்லாப் பிரிவும் சேர்த்து நாற்பது பிள்ளைகள் மட்டும் இருக்கும் பள்ளியை அந்த எண்ணால் அளப்பது, லாரி எடைமேடையில் தங்கத்தை நிறுப்பது மாதிரி. சின்னப் பள்ளிகளை ஒப்பிட வேறு தராசு வேண்டும். எனக்குத் தெரிந்தது வட கரோலினா. வேறு மாநிலத்தில் பெயர்களும் விதிகளும் மாறும்.

முதலில் எல்லைக்கோடு, அப்புறம்தான் வீடு

இந்த மாநிலத்தில் 100 கவுன்ட்டிகள், 115 பள்ளி மாவட்டங்கள் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்கள்). அதாவது பெரும்பாலும் ஒரு கவுன்ட்டிக்கு ஒரு பள்ளி மாவட்டம். சில இடங்களில் மட்டும் நகரத்துக்குத் தனி மாவட்டம் இருக்கும். ஹாலிஃபாக்ஸ் கவுன்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை அரை லட்சத்துக்கும் குறைவு, ஆனால் ஹாலிஃபாக்ஸ் கவுன்ட்டி, ரோனோக் ராப்பிட்ஸ், வெல்டன் என்று மூன்று பள்ளி மாவட்டங்கள். ஒரு தெரு தாண்டினால் பள்ளி மாவட்டமே மாறும்.

ஒரே மாவட்டத்துக்குள்ளும் எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று கோடு போட்டிருப்பார்கள். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். வாடகைக்கு எடுத்த வீட்டின் முகவரியில் இருந்தது ஒரு ஊர்ப் பெயர். அந்த ஊரில் நல்ல பள்ளி ஒன்று, வீட்டிலிருந்து பத்து நிமிடம். சரி, அதுதான் நம் பள்ளி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். முகவரியில் வரும் ஊர்ப் பெயர் தபால் நிலையத்தின் எல்லை. பள்ளியின் எல்லைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் வீடு எதிர்த் திசையில் இருந்த வேறொரு பள்ளிக்குச் சேர்ந்தது. பெண் காலை 6:20க்கு பஸ் ஏறினாள். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது 7:30. ஆறு வயசு.

ஆகையால் வீட்டு முகவரி கைக்கு வந்ததும் பள்ளி மாவட்டத்தின் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். பஸ் எங்கெங்கே போகிறது என்று அவர்கள் மேஜையில்தான் வரைபடம் இருக்கும். மூன்று கேள்வி போதும்: இந்த முகவரிக்கு எந்தப் பள்ளி? காலையில் பஸ் எத்தனை மணிக்கு வரும்? இந்த எல்லையை மாற்றும் பேச்சு ஏதாவது இருக்கிறதா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும் கவுன்ட்டிகளில் இரண்டு பள்ளிகளை ஒன்றாக்குவது அடிக்கடி நடக்கும். போனில் சொல்லத் தயங்கினால், மாதம் ஒரு முறை நடக்கும் பள்ளி வாரியக் கூட்டத்தின் பழைய குறிப்புகளைப் புரட்டுங்கள்.

வேறு பள்ளிக்கு மாற்றிக் கேட்கலாமா? பல மாவட்டங்களில் விண்ணப்பம் இருக்கிறது. இடம் இருந்தால் தருவார்கள், ஆனால் பஸ் வராது. நீங்களேதான் கொண்டுபோய் விட வேண்டும். சார்ட்டர் பள்ளிகளும் (மாவட்டத்துக்குக் கீழே வராமல் தனி வாரியம் நடத்துபவை) அரசுப் பணத்தில் நடப்பவை, கட்டணம் கிடையாது. அங்கே இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல். நீங்கள் ஜூலையில் குடிவந்தால் அந்தக் குலுக்கல் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

ரிப்போர்ட் கார்டை எப்படிப் படிப்பது

மாநிலக் கல்வித்துறை ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வருடா வருடம் ரிப்போர்ட் கார்டு வெளியிடுகிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2013-14 கல்வியாண்டிலிருந்து ஒவ்வொரு பள்ளிக்கும் ஏ, பி, சி, டி, எஃப் என்று ஒரு எழுத்து உண்டு. 85 முதல் ஏ, 70 முதல் பி, 55 முதல் சி, 40 முதல் டி, அதற்கும் கீழே எஃப்.

இந்த எழுத்து எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். 80 விழுக்காடு, இந்த வருடம் தேர்வில் பிள்ளைகள் எடுத்த மதிப்பெண் நிலை. 20 விழுக்காடு மட்டும் வளர்ச்சி, அதாவது போன வருடம் இருந்த இடத்திலிருந்து பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்பது. முதல் பகுதி பெரும்பாலும் பிள்ளையின் வீட்டைச் சொல்கிறது. அம்மா, அப்பாவுக்கு என்ன படிப்பு, வீட்டில் புத்தகம் இருக்கிறதா, மூன்று வயதில் நல்ல நர்சரிக்குப் போனதா என்பதெல்லாம் அதில் கலந்திருக்கும். வறுமை கூடிய பள்ளிகளுக்கு டியும் எஃப்பும் அதிகமாக விழுவது இதனால்தான். இரண்டாவது பகுதிதான் ஆசிரியர் என்ன செய்தார் என்பதற்கு அருகில் வருகிறது. எனக்குக் கேட்டால் விகிதத்தைத் தலைகீழாக்கியிருக்க வேண்டும் என்பேன். யார் கேட்கிறார்கள்!

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் பள்ளியின் தேர்வு நிலை 68, வளர்ச்சி 62. 68இல் 80 விழுக்காடு 54.4, 62இல் 20 விழுக்காடு 12.4. கூட்டினால் 66.8, ஆகவே சி. இரண்டாவது பள்ளியின் தேர்வு நிலை 45, வளர்ச்சி 90. 36ம் 18ம் சேர்ந்து 54, ஆகவே டி. ஒரு மதிப்பெண்ணில் சி போய்விட்டது. எழுத்தை மட்டும் பார்ப்பவர் முதல் பள்ளிக்குப் போவார். ஆனால் முதல் பள்ளியில் பிள்ளைகள் எதிர்பார்த்த அளவு வளரவில்லை. இரண்டாவதில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வளர்ந்திருக்கிறார்கள். வீட்டில் நீங்களே உட்கார்ந்து படிக்க வைக்கிற குடும்பம் என்றால், உங்கள் பிள்ளைக்கு அந்த டி பள்ளிதான் கூடுதலாகக் கொடுக்கக்கூடும்.

ரிப்போர்ட் கார்டில் இந்த வளர்ச்சி "எதிர்பார்த்ததை மிஞ்சியது", "எட்டியது", "எட்டவில்லை" என்று மூன்று நிலையாகவும் இருக்கும். இந்தக் கணக்கைப் போடும் மென்பொருளின் பெயர் ஈவாஸ். செய்வது சாஸ் நிறுவனம், தலைமையகம் கேரியில்தான். கேரி எண் மோகத்துக்கு மாற்று மருந்தும் கேரியிலிருந்தே வருகிறது பாருங்கள்.

இனி அடுத்த விஷயம், சின்ன எண்ணிக்கை. மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு வாசிப்பு, கணக்கு. ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் அறிவியலும் உண்டு. ஒரு கிராமப் பள்ளியில் நான்காம் வகுப்பில் மொத்தம் 25 பேர் என்றால், ஒரு பிள்ளை நான்கு விழுக்காடு. மூன்று பிள்ளைகள் தேர்வன்று காய்ச்சலோடு வந்தால் அந்த வகுப்பின் கணக்கு 12 புள்ளி சரிந்துவிடும். ஒரு நல்ல குடும்பம் மூன்று பிள்ளைகளோடு ஊர் மாறினாலும் அப்படித்தான். அதனால் ஒரு வருடத்தைப் பார்க்காதீர்கள். ஒரு காகிதத்தில் மூன்று வருடத்தையும் மூன்று வகுப்பையும் கட்டம் போட்டு எழுதுங்கள். அப்புறம் சாய்வாகப் படியுங்கள்: முந்தின முந்தின வருடத்து மூன்றாம் வகுப்பு, முந்தின வருடத்து நான்காம் வகுப்பு, இந்த வருடத்து ஐந்தாம் வகுப்பு. பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான். அந்தச் சாய்கோட்டில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே செய்தி.

எங்கள் கவுன்ட்டியில் நான்கு பள்ளிக்கும் இப்படிக் கட்டம் போட்டேன். ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எப்போதும் மோசம், ஐந்தாம் வகுப்பு எப்போதும் பரவாயில்லை. இன்னொன்றில் நேர் எதிர். மூன்றாம் வகுப்பில் நன்றாக இருந்த பிள்ளைகள் ஐந்தாவதில் கணக்கில் தேய்ந்து போயிருந்தார்கள். மேலே சொன்ன தளத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். காரணத்தை அப்புறம் நேரில் போய்த்தான் கண்டுபிடித்தேன்: இரண்டாவது பள்ளியில் ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு இரண்டு வருடமாக நிரந்தர ஆசிரியர் இல்லை.

சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் வெற்றிடமோ, 95க்கு மேல், 5க்குக் கீழ் என்றோ இருக்கும். தனிப்பட்ட பிள்ளையின் மதிப்பெண் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக மறைத்தது அது. ஆசியப் பிள்ளைகள் என்ற வரிசை எங்கள் பள்ளியில் எப்போதும் காலி. அதில் இருந்ததே எங்கள் பெண்ணும் சீன உணவகக்காரர் மகனும்தான்.

கிண்டர்கார்டன் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தின வருடம்) முதல் இரண்டாம் வகுப்பு வரை மட்டும் இருக்கும் பள்ளி என்றால் இந்தக் கணக்கு எதுவும் உதவாது, ஏனென்றால் அங்கே மாநிலத் தேர்வே கிடையாது. அந்த வயதில் வருடத்துக்கு மூன்று முறை ஒரு வாசிப்புச் சோதனை செய்வார்கள். பிள்ளை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசிக்கிறது என்பது மாதிரி. பிரின்சிபலிடம் கேட்டால் பள்ளியின் மொத்த நிலவரத்தைச் சொல்வார். ஆகஸ்டில் எத்தனை விழுக்காடு பேர் பின்தங்கியிருந்தார்கள், மே மாதத்தில் எத்தனை பேர்? இந்த இரண்டு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

அதே ரிப்போர்ட் கார்டில் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் மேல் வராத பிள்ளைகள் எத்தனை விழுக்காடு? பாதி வகுப்பு திங்கட்கிழமை வரவில்லை என்றால் ஆசிரியர் செவ்வாய்க்கிழமை அதையேதான் மறுபடி நடத்துவார்.

ஆசிரியர் தங்குகிறாரா, ஓடுகிறாரா

என்னைப் பொறுத்தவரை மொத்த ஒப்பீட்டிலும் இதுதான் கனமான கேள்வி. ஆசிரியரின் அடிப்படைச் சம்பளத்தை மாநிலம் கொடுக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு கவுன்ட்டியும் தன் கையிலிருந்து கொஞ்சம் சேர்க்கும். அந்தப் பணம் வருவது பெரும்பாலும் சொத்து வரியிலிருந்து. ராலே, கேரி இருக்கும் வேக் கவுன்ட்டியில் கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கின்றன, அள்ளிக் கொடுக்கலாம். சர்க்கரைவள்ளித் தோட்டத்துக்கு என்ன வரி வந்துவிடும்? இங்கே சேர்ந்து மூன்று வருடம் கை பழகிய இளம் ஆசிரியர் நாற்பது நிமிடம் தள்ளி இருக்கும் பணக்காரக் கவுன்ட்டிக்குப் போனால் சம்பளம் ஆயிரக்கணக்கில் கூடும். போய்விடுவார்.

இது பழைய வழக்கு, நிஜமாகவே வழக்குதான். 1994இல் ஹோக், ஹாலிஃபாக்ஸ், ராப்சன், கம்பர்லாந்து, வான்ஸ் ஆகிய ஐந்து கவுன்ட்டிகளைச் சேர்ந்த குடும்பங்களும் பள்ளி வாரியங்களும் மாநிலத்தின் மேல் கேஸ் போட்டார்கள். லியாண்ட்ரோ வழக்கு என்று பெயர். ஒவ்வொரு பிள்ளைக்கும் முறையான அடிப்படைக் கல்வி பெற உரிமை உண்டு என்று 1997இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பணம் ஒதுக்குவது யார் என்ற சண்டை அதற்கப்புறம் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடியது. பள்ளி வாரியக் கூட்டத்தில் யாராவது "லியாண்ட்ரோ" என்று பெருமூச்சு விட்டால் இதுதான் சங்கதி.

ஆக, பள்ளிக்கு நேரில் போகும்போது இவற்றைக் கேளுங்கள். போன ஜூனில் எத்தனை ஆசிரியர்கள் போனார்கள்? இப்போது எந்த வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாமல் மாற்று ஆள் நடத்துகிறார்? பிரின்சிபல் வந்து எத்தனை வருடம்? பிரின்சிபல் வருடத்துக்கு ஒருவர் என்று மாறிய பள்ளியை நான் தள்ளியே வைப்பேன், எழுத்து ஏ ஆக இருந்தாலும் சரி.

வகுப்பு அளவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாநிலச் சட்டப்படி மாவட்டச் சராசரி கிண்டர்கார்டனில் 18, ஒன்றாம் வகுப்பில் 16, இரண்டு, மூன்றாம் வகுப்பில் 17க்கு மேல் போகக் கூடாது; தனி வகுப்பில் அதைவிட மூன்று பேர் கூடலாம். நான்காம் வகுப்பிலிருந்து அந்த உச்சவரம்பே கிடையாது. மூன்றாவதில் 19 பேரோடு இருந்த பிள்ளை நான்காவதில் 29 பேரோடு உட்காரலாம். பள்ளியைச் சுற்றிக் காட்டுபவர்கள் அழகாகக் கிண்டர்கார்டன் வகுப்புக்குத்தான் கூட்டிப் போவார்கள். "நான்காம் வகுப்பையும் ஒரு எட்டு பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

நேரில் போகும் நாள்

முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். வாசலில் மணி அடித்து, கேமராவில் முகம் காட்டி, ஓட்டுநர் உரிமம் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். முன்னலுவலகத்தில் ஒரு அம்மா இருப்பார். எல்லோரையும் "ஹனி" என்றுதான் கூப்பிடுவார், நம்மூரில் "கண்ணு" என்பது மாதிரி. பள்ளியில் உண்மையான அதிகாரம் அவரிடம்தான். எந்த பஸ் எப்போதும் தாமதம், எந்த ஆசிரியர் பிள்ளை வாந்தி எடுத்தால் தானே துடைப்பார், எல்லாம் தெரியும். அவரிடம் பத்து நிமிடம் நின்று பேசுங்கள்.

நான் பார்த்த பள்ளிகளில் ஒன்றில் கட்டடம் புத்தம் புதிது, ஹாலில் பெரிய திரை, ஆனால் நூலகம் பூட்டியிருந்தது. நூலகர் வாரத்தில் இரண்டு நாள்தானாம். இன்னொன்று அறுபதுகளில் கட்டியது மாதிரி செங்கல் கட்டடம், மழைக்கு ஒழுகிய கறை மேலே தெரிந்தது. அங்கே வராந்தாச் சுவரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய பத்திகள் ஒட்டியிருந்தன. நின்று படித்தேன். ஒரு பையன் தன் தாத்தா டிராக்டரைப் பழுது பார்ப்பதை எழுதியிருந்தான், எழுத்துப்பிழையோடு, ஆனால் எந்தத் திருகாணியை முதலில் கழற்ற வேண்டும் என்பது வரை. பக்கத்துச் சிறுமியின் பத்தி வேறு விஷயம், வேறு மாதிரி. முதல் பள்ளியில் சுவரில் இருந்தவை இருபத்தைந்தும் ஒரே அச்சில் வார்த்த வண்ணம் தீட்டிய வாத்துகள். நாங்கள் ஒழுகிய கட்டடத்துக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பித்தோம்.

போகும்போது மதிய உணவு நேரத்தையும் பாருங்கள். கூட்டாட்சித் திட்டம் ஒன்றின்படி வறுமை கூடிய பகுதிப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை, மதிய உணவு இலவசம், வருமானக் கேள்வியே கிடையாது. கிராமக் கவுன்ட்டிகளில் இது பரவலாக இருக்கிறது. சைவக் குடும்பம் என்றால் ஒரு எச்சரிக்கை: தென்மாநிலச் சமையலில் பீன்ஸையும் கீரையையும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேக வைப்பது வழக்கம். தட்டில் பச்சையாகத் தெரிவதால் சைவம் என்று எண்ணிவிடாதீர்கள். சமையலறைப் பொறுப்பாளரிடம் நேராகக் கேட்டால் சொல்வார். எங்கள் பெண்ணுக்கு வாரம் மூன்று நாள் வீட்டுத் தயிர்சாதம், வெள்ளிக்கிழமை பள்ளிப் பீட்சா.

பள்ளி மூன்று மணிக்குள் முடிந்துவிடும். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் மாலைக் காப்பகம் பள்ளியிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். நகரத்தில் தெருவுக்கு ஒன்று இருக்கும். இங்கே கவுன்ட்டிக்கே ஒன்றிரண்டுதான். பனி, புயல் என்றால் இரண்டு மணி நேரம் தாமதமாகப் பள்ளி தொடங்கும் என்று காலை ஐந்தரைக்குச் செய்தி வரும். மண் சாலைகளில் பஸ் ஓட முடியாது என்பதால் கிராமத்தில் இது நகரத்தைவிட அடிக்கடி. அந்த நாளுக்கு ஒரு ஏற்பாடு கைவசம் இருக்கட்டும்.

சேர்க்கை

ஆகஸ்ட் 31க்குள் ஐந்து வயது முடிந்த பிள்ளை கிண்டர்கார்டனில் சேரலாம். பிறப்புச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ, வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, தடுப்பூசிப் பதிவு, டாக்டர் கையெழுத்திட்ட உடல்நலப் படிவம் ஆகியவை வேண்டும். விசா என்ன, சோஷியல் செக்யூரிட்டி எண் என்ன என்பதெல்லாம் சேர்க்கைக்கு நிபந்தனை ஆகாது. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையை மறுக்கக் கூடாது என்று 1982லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எண் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடலாம்.

பெயரில் நமக்கென்றே ஒரு தலைவலி. அப்பா பெயர் பிள்ளைக்குக் கடைசிப் பெயர், அப்பாவின் கடைசிப் பெயர் தாத்தாவுடையது. ஒரே வீட்டில் மூன்று கடைசிப் பெயர். பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துப் போகப் போகும்போது இவர்தான் அப்பா என்று கணினி ஒத்துக்கொள்ளாது. முதல் நாளே இரண்டு பெற்றோர் பெயரையும் அடையாள அட்டையில் இருப்பது போலவே அழைத்துச் செல்லும் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து நேராக வருகிறவர்கள் தடுப்பூசியில்தான் மாட்டுவார்கள். நம்மூர் அரசுத் திட்டத்தில் தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் முதல் தவணை ஒன்பதாம் மாதம். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட அந்தத் தவணையை இங்கே கணக்கில் எடுக்க மாட்டார்கள். அந்த ஊசியில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்தும் கிடையாது. இங்கே அது இரண்டு தவணை வேண்டும். சின்னம்மை ஊசி நம்மூர் இலவசப் பட்டியலிலேயே இல்லை. இங்கே அதுவும் இரண்டு தவணை. 2016 ஏப்ரல் 1 முதல் கொடுத்த போலியோ சொட்டு மருந்தும் இங்கே எண்ணிக்கையில் சேராது, ஊசியாகப் போட்டிருக்க வேண்டும். பதறாதீர்கள். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு, கவுன்ட்டி சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போது தடுப்பூசி அட்டையை, தேதி தெளிவாகத் தெரியும்படி, டாக்டர் முத்திரையோடு எடுத்து வாருங்கள். சின்னம்மைக்கும் பொன்னுக்குவீங்கிக்கும் ஊரிலேயே தனியார் மருத்துவரிடம் போட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் வரும். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலச் சோதனை வைப்பார்கள். அதற்குப் பயந்து ஆங்கிலம் என்றே எழுதிவிடுங்கள் என்று கேரி அக்கா ஒருவர் எனக்குச் சொன்னார். நான் தமிழ் என்றே எழுதினேன். பெண் சோதனையில் தேறிவிட்டாள், அதோடு முடிந்தது. தேறாவிட்டால் ஆங்கில உதவி வகுப்பு கிடைக்கும், போதுமான நிலையை எட்டும் வரை வருடா வருடம் ஒரு தேர்வு எழுத வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு அந்த உதவி வேண்டியதுதானே. இங்கே நீங்கள் ஒப்பிட வேண்டியது வேறு: அந்த ஆசிரியர் பள்ளியிலேயே இருக்கிறாரா, நான்கு பள்ளிகளுக்கு ஒருவராக வாரம் ஒரு நாள் வந்து போகிறாரா? மெக்சிகோ, குவாத்தமாலாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் நிறைய படிக்கும் பள்ளியில் பெரும்பாலும் முழுநேர ஆசிரியர் இருப்பார். நம் பிள்ளைக்கும் அது லாபம்.

டிசம்பரில் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்ற கணக்கு இருந்தால் பிரின்சிபலிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். காரணமில்லாத விடுப்பு மூன்று நாளானால் பள்ளி உங்களுக்குத் தெரிவிக்கும், ஆறு நாளானால் எச்சரிக்கைக் கடிதம் வரும், பத்தானால் பேச்சு வேறு மாதிரி போகும். கல்விப் பயணம் என்று முன் அனுமதி பெற்றால் சில நாட்களையாவது கழித்துக்கொள்வார்கள்.

முதல் வாரம் பஸ் நேரம் சீராக இருக்காது. சாயங்காலம் அரை மணி முன்னே பின்னே ஆகும். கிண்டர்கார்டன் பிள்ளையை இறக்கிவிட நிறுத்தத்தில் பெரியவர் யாராவது நிற்க வேண்டும் என்பது பல கவுன்ட்டிகளில் விதி. யாரும் இல்லையென்றால் ஓட்டுநர் பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கே கொண்டு போய்விடுவார். எங்கள் தெருமுனை நிறுத்தத்தில் நிழல் கிடையாது, ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரு குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு கால் மணி முன்னாலேயே போய் நில்லுங்கள்.